இஸ்தோப்பில் திறந்த வேதம்

ஒரு லயத்தில் பத்துப் பன்னிரண்டு காம்பரா. அதில் கிறிஸ்தவக் குடும்பம் இரண்டோ மூன்றோ. அந்த மூன்று வீட்டுக்கும் சேர்த்து வேதப்புத்தகம் ஒன்றே ஒன்று இருந்த காலத்தைப் பண்டாரவளையைச் சுற்றிய தோட்டங்களில் எழுபதைத் தாண்டியவர்கள் இன்னும் சொல்வார்கள். அந்த ஒன்றும் பெரும்பாலும் சபை ஊழியரான உபதேசியாரின் கையோடு வந்து அவர் கையோடு திரும்பிப் போனது. இன்று அதே லயத்தில் கைத்தொலைபேசி இல்லாத காம்பரா அரிது. தொலைபேசி இருக்கும் இடத்தில் வேதாகமமும் இருக்கிறது. நாலைந்து மொழிபெயர்ப்புகளாக இருக்கிறது. வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டும் ஒலிப்பதிவோடு இருக்கிறது. புத்தகம் பெருகிவிட்டது. அதைச் சுற்றி உட்கார்ந்திருந்த கூட்டம் சிறுத்துவிட்டது. இந்த இரண்டும் எப்படி நடந்தன என்று எழுதி வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். நான் இந்த ஊர்ச் சபையில் வளர்ந்தவள். பள்ளிக்கூடத்துக்கு முன்பே வேதபாடத்தில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டப் பழகியவள்.

மலைநாட்டுத் தமிழ்க் கிறிஸ்தவத்தின் கதையை 1854ஆம் ஆண்டிலிருந்து சொல்வது வழக்கம். கோப்பித் தோட்டத் துரைமார் சிலர் சந்தா சேர்த்து, சர்ச் மிஷனரி சங்கத்தின் துணையோடு ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்ற ஊழியத்தைத் தொடங்கிய ஆண்டு அது. மிஷனரிமார் ஒருசிலரே. வேலையைச் சுமந்தவர்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த உபதேசியார்கள். கண்டிப் பக்கம் தொடங்கிய ஊழியம் முதலில் கோப்பியின் பின்னாலும் பிறகு தேயிலையின் பின்னாலும் எங்கள் ஊவாவுக்கு வந்தது. ரயில் பண்டாரவளையை எட்டியது 1894இல். பதுளைக்கு அது போய்ச் சேர இன்னும் முப்பது ஆண்டு, 1924 வரை ஆனது. ரயில் வந்த பிறகும் தோட்டத்திலிருந்து தோட்டத்துக்கு உபதேசியார் நடந்துதான் போனார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கூடியிருந்தவர்களிடம் இரண்டு வார்த்தை. மாலையில் லயத்து முன்திண்ணையான இஸ்தோப்பில் வாசிப்பும் ஜெபமும். மறுநாள் அடுத்த மலை.

இந்த ஏற்பாட்டில் ஒரு நெருடல் ஆரம்பத்திலேயே இருந்தது. தொழிலாளிக்குச் சம்பளம் கொடுத்தவர்களே உபதேசியாருக்கும் சந்தா கொடுத்தார்கள். துரையின் உத்தரவு இல்லாமல் எவரும் லயத்துக்குள் கால் வைக்க முடியாது. எந்த அதிகாரம் அடிக்கடி வாசிக்கப்பட்டது, எது திறக்கப்படாமலே கிடந்தது என்பதில் இந்தச் சந்தாவுக்குப் பங்கு இல்லாமல் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் நிருபப் பகுதிகள் எங்கள் பெரியவர்களுக்கு மனப்பாடம். எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைகள் வைக்கோல் மறுக்கப்பட்டு, அதே கணக்கைக் கொடுக்கும்படி அடிக்கப்பட்ட யாத்திராகமம் ஐந்தாம் அதிகாரத்தை அவர்கள் அறிந்திருந்தார்கள். அதைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. இதைச் சொல்வதால் அந்த உபதேசியார்களின் உழைப்பைக் குறைத்து மதிப்பதாக எவரும் எண்ண வேண்டாம். அட்டைக்கடியிலும் குளிரிலும் நடந்து, லயத்துப் பிள்ளைகளுக்கு ‘அ’னா ‘ஆ’வன்னா சொல்லிக் கொடுத்தவர்களில் அவர்களே முன்னால் நிற்கிறார்கள். மிஷனின் பெயரிலிருந்து ‘கூலி’ பின்னாளில் நீங்கி அது தமிழ்ச் சபை மிஷன் ஆனது. அந்த மாற்றத்துக்குத் தகுதியானவர்களாகத் தங்கள் மக்களை ஆக்கியவர்களும் அவர்களே.

துரைமாருக்குத் தனிக் கோயில்கள் இருந்தன. பதுளையின் பரிசுத்த மாற்கு ஆலயம் 1857இல் எழுந்தது. 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்த மேஜர் ரொஜர்ஸின் நினைவுக்காக. ஹப்புத்தளையின் பரிசுத்த அந்திரேயா ஆலயம் 1869ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கல்லால் கட்டிய, கூரான ஜன்னல்கள் கொண்ட இந்தக் கோயில்களில் ஆங்கில ஆராதனை நடந்த அதே ஞாயிறன்று, தமிழ் வேதம் தகரக் கூரையின் கீழோ பிள்ளைக்காம்பராவிலோ வாசிக்கப்பட்டது. இரு கூட்டத்துக்கும் வேதம் ஒன்று. உட்காரும் இடம் ஒன்றாக இல்லை. இன்று அந்தக் கற்கோயில்களில் விளக்கேற்றிக் காப்பவர்கள், அந்தத் துரைமாரின் மலைகளில் கொழுந்தெடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளும் ஊர்ச் சிங்களக் கிறிஸ்தவர்களும்தான். கல்லறைத் தோட்டத்தில் ஆங்கிலப் பெயர்கள். உள்ளே வாங்குகளில் நாங்கள். காலம் செய்த இந்த மாற்றத்தில் எனக்கு முழுத் திருப்தி.

அன்றைய வேதபாடத்தை நான் கடைசிக் கட்டத்தில்தான் பார்த்தேன். ஆனாலும் அதன் வடிவம் அப்போதும் பெரிதாக மாறியிருக்கவில்லை. நாள் வேலை முடிந்து, கொழுந்து நிறுத்து, தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்குச் சோறு போட்ட பிறகே பெண்கள் வந்து உட்காருவார்கள். குப்பிலாம்பு ஒன்று. முதலில் ஒரு கீர்த்தனை. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரின் பாட்டுகள் பலருக்குத் தெரியும், அவருடைய பெயர் தெரியாது. பிறகு ஜெபம். பிறகு உபதேசியார், போன கிழமை விட்ட இடத்திலிருந்து ஓர் அதிகாரம் முழுவதையும் வாசிப்பார். எது பிடிக்கும், எது பிடிக்காது என்று தேர்ந்தெடுக்கும் வழக்கம் கிடையாது. வம்ச அட்டவணை வந்தாலும் வாசிப்புத்தான், லேவியராகமத்தின் பலி முறைகள் வந்தாலும் வாசிப்புத்தான். வாசித்து முடித்ததும் கேள்வி: யார் பேசியது, யாரிடம் பேசியது, எந்த ஊர், அடுத்து என்ன நடந்தது. கடைசியில் இரண்டு வசனம் மனப்பாடம்.

அப்படி வாசித்த பிரதி அநேகமாக 1871இல் வெளிவந்த யூனியன் மொழிபெயர்ப்பின் வழிவந்ததாகவே இருக்கும். தமிழில் புதிய ஏற்பாட்டைத் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சேற்றி முடித்தது 1715இல். இலங்கையில் பிலிப்பு தெ மெல்லோவின் புதிய ஏற்பாடு வந்தது 1759இல். யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவலுக்குத் துணையிருந்து வேதத்தைத் தமிழாக்கியவர்களில் ஆறுமுக நாவலரும் ஒருவர். கொழும்பில் வேதாகமச் சங்கம் ஏற்பட்டது 1812இல். இத்தனை அச்சு வேலைக்குப் பிறகும் எங்கள் மலைக்கு ஒரு லயத்துக்கு ஒரு பிரதி வந்து சேர அடுத்த நூற்றாண்டு வேண்டியிருந்தது. அந்த ஒரு பிரதியும் வாசிக்கத் தெரிந்த ஒருவரை எதிர்பார்த்தே இருந்தது.

என் அப்பாயி கையெழுத்துப் போட அறியாதவர். சம்பளத்துக்குப் பெருவிரல் ரேகைதான் வைத்தார். சங்கீதம் 23, 91, 103, 121, மத்தேயுவின் மலைப்பிரசங்கம் மூன்று அதிகாரமும் அவருக்கு மனப்பாடம். நான் வாசிக்கக் கற்ற புதிதில் லாம்படியில் உட்கார்ந்து வாசிப்பேன். அவர் அடுப்படியில் இருந்தபடியே, “ஏ ஆயி, ஒரு வரிய வுட்டுட்டியே, திரும்பப் படி” என்பார். திரும்பிப் பார்த்தால் உண்மையில் ஒரு வரி விட்டுப்போயிருக்கும். எழுத்துத் தெரியாத ஒரு மனுஷி எழுத்துத் தெரிந்தவளைத் திருத்துவது அன்று எனக்கு விந்தையாகப் படவில்லை. எல்லாக் கிழவிகளும் அப்படித்தான் என்றிருந்தேன். கேட்டே கற்றவர்கள் அவர்கள். நான்கு பேர் சேர்ந்து கேட்டால் ஒருவர் மறந்ததை மற்றவர் எடுத்துக் கொடுப்பார். இன்று எனக்கு ஓர் அதிகாரம் வேண்டுமென்றால் திரையைத் தொட்டால் போதும். மனப்பாடமாகச் சொல்லச் சொன்னால் 23ஆம் சங்கீதத்தோடு நின்றுவிடுவேன்.

அந்த ஒற்றைப் புத்தகத்தின் முன் ஏட்டில் பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம், சாவு என எல்லாம் எழுதப்பட்டிருக்கும். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் மக்களை நாடற்றவர்களாக்கிய பிறகு இந்த எழுத்துகளுக்கு வேறொரு கனம் வந்தது. பிறப்பைப் பதியாமல் விட்டவர்கள் பலருக்குச் சபையின் ஞானஸ்நானப் பதிவேடே வயதுக்கும் பெற்றோர் பெயருக்கும் சான்றாக நின்றது. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரின் கதி பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்த மீதியை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எழுபதுகளில் பண்டாரவளை ஸ்டேஷனில் அழுகை கேட்காத கிழமை இல்லை என்பார்கள் பெரியவர்கள். தலைமன்னார் போய்க் கப்பலேறிய குடும்பங்களோடு, பாட்டுத் தெரிந்தவர்கள் போனார்கள், ஞாயிறு பாடசாலை நடத்தியவர்கள் போனார்கள், உபதேசியார்களும் போனார்கள். முப்பது பேர் இருந்த சபை பத்துப் பேராக ஆனது. வேதத்தைக் கொண்டுபோனவர்களும் உண்டு. இங்கே இருப்பவருக்குக் கொடுத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. அப்படி விட்டுப்போன ஒரு பிரதி எங்கள் வீட்டுக்கு வந்தது. அதன் முன் ஏட்டில் இருந்த பெயர்கள் எங்களுடையவை அல்ல. அப்பா அதைக் கிழிக்காமல், கீழே ஒரு கோடு போட்டு எங்கள் பெயர்களை எழுதினார்.

இன்று பிள்ளை பிறந்தால் பிறப்புச் சான்றிதழ் வருகிறது. வளர்ந்ததும் அடையாள அட்டை வருகிறது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமையைத் தந்தது. வேதத்தின் முன் ஏடு வெறுமையாகக் கிடக்கிறது. நாட்டில் பெயர் பதிந்துவிட்டதால் வெறுமையான ஏடு அது. அந்த வெறுமையை நான் மனமார வரவேற்கிறேன்.

கத்தோலிக்கர் கதை வேறு. திருச்சி, தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பங்களில் அன்று செபமாலை இல்லாத வீடு கிடையாது. வேதாகமம் உள்ள வீடு அரிது. சுவாமி மாதத்தில் ஒரு முறை தோட்டத்துக்கு வருவார், பூசை லத்தீனில் நடக்கும், பிள்ளைகள் ஞானோபதேசக் கேள்வி-பதிலை ஒப்பிப்பார்கள். வேதம் வைத்திருக்கும் வீட்டை ‘வேதக்காரர் வீடு’ என்று அவர்கள் சற்று ஒதுக்கிப் பார்த்ததும், நாங்கள் அவர்களுடைய சுரூபங்களை ஒதுக்கிப் பார்த்ததும் உண்டு. 1965 நவம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டில் எல்லா விசுவாசிகளும் வேதத்தை வாசிக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. அந்தக் காற்று ஊவாவுக்கு வந்த விதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

1972இல் கண்டியிலிருந்து பிரிந்து பதுளை மறைமாவட்டம் உருவானது. கண்டி ஆயராக இருந்த லியோ நாணயக்கார, விரும்பி இந்தச் சிறிய, ஏழை மறைமாவட்டத்தின் முதல் ஆயராக வந்தார். 1975இல் பண்டாரவளையில் ‘சேவக செவண’ என்ற குருத்துவப் பயிற்சி இல்லத்தைத் தொடங்கினார். பெரிய மதில்களுக்குள் தத்துவம் படித்துவிட்டு மக்களிடம் போவதற்குப் பதிலாக, மக்களோடு இருந்து மக்களின் வாழ்க்கைக்கு முன்னால் வேதத்தை வைத்து வாசிப்பது அங்கே பயிற்சியின் அடிப்படை. அங்கே கற்பித்தவர்களில் ஒருவர் அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த மைக்கல் ரொட்றிகோ. பௌத்தத்தில் ஆழ்ந்த புலமையுள்ள அவர், 1980இல் ஊவாவின் கீழ்ப்பகுதியான புத்தளைக்குப் போய், முற்றிலும் பௌத்தர்களான கிராமத்தவர் நடுவே இரண்டு அருட்சகோதரிகளோடு வாழ்ந்தார். எவரையும் மதம் மாற்ற அவர் போகவில்லை. 1987 நவம்பர் 10 மாலை, திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். ஆயர் லியோ அதற்கு முன்பே, 1982இல் காலமாகிவிட்டார்.

ஹப்புத்தளை மலைமுகட்டில் இருக்கும் அதிஷம் பங்களாவும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய அந்தத் துரை மாளிகை, 1961 முதல் சில்வெஸ்திரோ-பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். ஆயர் லியோவும் அதே சபையைச் சேர்ந்தவர். மடத்தின் பழப்பாகு வாங்கவும் படம் எடுக்கவும் இன்று தூர ஊர்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். உள்ளே நாளுக்குப் பல வேளை சங்கீதங்கள் ஜெபிக்கப்படுவதைப் பலர் அறியாமலே திரும்புகிறார்கள். துரையின் விருந்தறை இருந்த வீட்டில் தாவீதின் பாட்டுகள் ஒலிப்பதை என் அப்பாயி பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

வாழ்க்கைக்கு முன்னால் வேதத்தை வைத்துப் பார்க்கும், எழுபது, எண்பதுகளில் வந்த இந்தப் புதிய வாசிப்பின் வித்தியாசத்தை ஒரே ஓர் அதிகாரத்தை வைத்துச் சொல்லிவிட முடியும். மத்தேயு 20: திராட்சைத் தோட்டத்துக்கு விடியற்காலையிலும், மத்தியானத்திலும், பொழுது சாயும் வேளையிலும் ஆள் சேர்த்த எஜமான், எல்லோருக்கும் ஒரே கூலியைக் கொடுத்த உவமை. உபதேசியார் இதை விளக்கும்போது, கடைசி நேரத்தில் மனந்திரும்பியவருக்கும் பரலோகம் உண்டு என்பார். சரியான விளக்கமே. தோட்டத்தில் அந்த உவமைக்கு இன்னொரு காது உண்டு என்பதை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. குறித்த கிலோவை எடுக்காவிட்டால் எங்களுக்கு அரைப்பேர், அதாவது பாதி நாள் கூலி. மழை பெய்து மத்தியானத்தோடு மலையை விட்டு இறங்கினால் முழுப்பேர் போடுவார்களா மாட்டார்களா என்று மனம் அடித்துக்கொள்ளும். பின்னாளில், வட்டமாக உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கிய ஒரு கூட்டத்தில் கொழுந்தெடுக்கும் அக்கா ஒருத்தி, “அப்போ அந்தத் தொர கடைசியா வந்தவனுக்கும் முழுப்பேர் போட்டாரு, இல்லீங்களா?” என்று கேட்டபோது, யாரும் உடனே பதில் சொல்லவில்லை. அந்தப் பகுதியைப் பற்றி நான் படித்த எந்த விளக்கவுரையும் அவ்வளவு நேராக அதன் நடுவுக்குப் போனதில்லை. அன்றாடச் சாப்பாட்டுக்கு ஒரு நாள் கூலி முழுதாக வேண்டும், எந்நேரம் வேலைக்கு அழைக்கப்பட்டாலும் வயிறு ஒன்றுதான் என்பதை அறிந்தவர்களுக்கு அந்த எஜமானின் நீதி விளங்கிவிடுகிறது. 2021இல் நாள் சம்பளம் 1000 ரூபாயாக உயர்ந்தபோது பல மலைகளில் எடுக்க வேண்டிய கிலோவும் கூடியது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாய் ஆனது. அரைப்பேர் என்ற பேச்சு மட்டும் போகவில்லை. ஆகவே அந்த உவமை இங்கே பழசாகவில்லை.

கேள்வி கேட்கும் இந்த உரிமைதான் இடைக்காலத்தில் எங்களுக்குக் கிடைத்த பெரிய லாபம் என்பேன். அன்று உபதேசியார் கேட்டார், நாங்கள் பதில் சொன்னோம். பதில் புத்தகத்திலேயே இருந்தது. இன்று நாங்கள் கேட்கிறோம். வாசிப்பை நடத்துகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். 1977க்குப் பிறகு தோட்டப் பாடசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றதும், அதில் படித்து வந்த பெண்பிள்ளைகள் ஆசிரியர்களானதும் இதற்கு வழி செய்தன. அப்பாயிக்கு வேதத்தைத் தொட்டு வாசிக்க முடியவில்லை. அவருடைய பேத்தி அதை விளக்குகிறாள். இதை இழப்பு என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

உபதேசியார் போன இடத்தை நிரப்பியது முதலில் வானொலி. ‘சத்தியவசனம்’ ஒலிக்கும் நேரத்தில் ட்ரான்சிஸ்டர் இருக்கும் காம்பராவில் கூடுவோம். 1978 முதல் புத்தளத்திலிருந்து 882 கிலோஹேர்ட்ஸில் ட்ரான்ஸ் வேர்ல்ட் ரேடியோவின் நிகழ்ச்சிகளும் வந்தன. இதோடு அஞ்சல்வழி வேதபாடம். பாடத்தாள் தோட்ட ஒபீசுக்கு வந்து, அங்கிருந்து லயத்துக்கு வரும். விடை எழுதி அனுப்பிப் பெற்ற சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியவர்கள் உண்டு. பள்ளியை ஐந்தாம் வகுப்போடு விட்ட பெண்ணுக்கு, அவள் பெயர் அச்சில் வந்த முதல் காகிதம் அதுவாக இருக்கும். வானொலி உபதேசியாரைப் போல வீடு தேடி வராது. நோயில் பக்கத்தில் உட்காராது. ஆனாலும் அதைக் கேட்க நாலு பேர் கூடினார்கள். கூட்டம் அப்போது கலையவில்லை.

பெந்தெகொஸ்தே சபைகள் நகரிலும் தோட்டங்களிலும் பெருகியதும் அந்த ஆண்டுகளில்தான். அவற்றைக் குறை சொல்வது பழைய சபையாருக்கு எளிது. நான் வேறுவிதமாகப் பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில், குடிகாரப் புருஷனோடு அல்லாடும் பெண்ணொருத்தி எழுந்து தன் வாயால் தன் கதையைச் சாட்சியாகச் சொல்ல முடிந்தது. எங்கள் ஒழுங்கான ஆராதனையில் அவளுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. இழந்ததும் உண்டு. அன்று தோட்டத்தில் மாரியம்மன் திருவிழாவும் கிறிஸ்துமஸும் இரு தரப்புக்கும் பொதுவான நாள்கள். கரோல் பாடிக்கொண்டு லயம் லயமாகப் போனால் சைவக் குடும்பங்கள் தேநீர் வைத்துக் காத்திருக்கும். இன்று திருவிழா வரி, அடக்கச் சடங்கு, பாட்டுச் சத்தம் என்று மனக்கசப்பு வந்த லயங்கள் இருக்கின்றன. 2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் கிறிஸ்தவர் நூற்றுக்கு 7.6 பேர், அவ்வளவு சிறிய கூட்டம் தனக்குள்ளும் பிரிந்து, பக்கத்துக் காம்பராவோடும் பிரிந்து நிற்பது எனக்கு வருத்தம் தருகிறது.

ஞாயிறு பண்டாரவளையில் சந்தை நாள். அன்று கோயிலும் சந்தையும் ஒரே பயணம். விடியலில் நடந்து வந்து, ஆராதனை முடித்து, வெங்காயமும் கருவாடும் வாங்கி, கோயிலடியில் உட்கார்ந்து பிரசங்கத்தைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் மலையேறுவார்கள். இப்போது முச்சக்கரவண்டி இருக்கிறது. ஒன்பது மணிக்கு ஆராதனை, பத்தரைக்கு வீடு. நடை மிச்சம், நடக்கும்போது நடந்த பேச்சும் அதோடு போனது. இளையவர்கள் பாதிப் பேர் இங்கே இல்லை: கொழும்புக் கடைகளில், கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலைகளில், வளைகுடா வீடுகளில். ஞாயிறு பாடசாலைக்கு வரும் பிள்ளைகளுக்குப் பாட்டிதான் துணை.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு கத்தோலிக்கக் கோயில்கள் மூடப்பட்டு, திருப்பலி தொலைக்காட்சியில் வந்தது. 2020இல் பெருந்தொற்று எல்லாச் சபைகளையும் திரைக்குள் கொண்டுபோனது. அதிலிருந்து நாங்கள் முழுதாக வெளியே வரவில்லை. காலை ஐந்து மணிக்கு வட்ஸ்அப்பில் வாக்குத்தத்த வசனம் வந்து விழுகிறது: பூப்படத்தின் மேல் ஒரு வசனம், கீழே ஒரு போதகரின் முகம். மாதம் பிறந்தால் மாத வாக்குத்தத்தம். வருஷம் பிறந்தால் வருஷ வாக்குத்தத்தம். சென்னைப் பிரசங்கிகளின் காணொளிகள் பின்தொடரும். இவற்றால் ஆறுதல் அடைந்தவர்களை நான் அறிவேன். கணவனை இழந்த ஒருத்தி அந்தக் காலை வசனத்தைப் பிடித்துக்கொண்டே எழுந்து நடந்திருக்கிறாள். அதை எப்படிக் குறைவாகச் சொல்வேன்? என் மனக்குறை அந்த வசனத்தின் மேல் இல்லை. அதன் முன்னும் பின்னும் இருந்த வசனங்கள் எங்கே போயின என்பதில்தான்.

அடிக்கடி வரும் ஒன்று எரேமியா 29ஆம் அதிகாரத்தின் 11ஆம் வசனம். நல்ல எதிர்காலத்தைத் தருவேன் என்று ஆண்டவர் சொல்வது. அந்த அதிகாரம் முழுவதும் ஒரு கடிதம். சொந்த மண்ணிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு பாபிலோனில் வாழும் மக்களுக்கு எழுதியது. சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டும் தீர்க்கதரிசிகளை நம்பாதேயுங்கள், இருக்கும் இடத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள், எழுபது வருஷம் ஆகும் என்று சொல்லும் கடிதம். இருநூறு வருஷத்துக்கு முன் கடல் கடந்து கொண்டுவரப்பட்டு, தாங்கள் நட்ட மலையில் ஒரு பேர்ச் காணிகூடச் சொந்தமில்லாமல் லயத்தில் வாழும் மக்களைவிட அந்தக் கடிதத்தைப் படிக்கத் தகுந்தவர்கள் யார்? சொந்தக் காணிக்கும் தனி வீட்டுக்கும் இன்றும் காத்திருக்கிறவர்களுக்கு, வீடு கட்டு, தோட்டம் வை என்பது ஆண்டவர் கட்டளையாகவே அங்கே நிற்கிறது. பூப்படத்தில் அது இல்லை. வம்ச அட்டவணையையும் விடாமல் வாசித்த உபதேசியாரின் இஸ்தோப்பில் அது கட்டாயம் வாசிக்கப்பட்டிருக்கும். விளக்கியிருப்பாரா என்பது வேறு, காதிலாவது விழுந்திருக்கும்.

சபைகளும் நகர்ந்திருக்கின்றன. 2023இல் எங்கள் முன்னோர் வந்து 200 ஆண்டு நிறைந்ததை முன்னிட்டு, அவர்கள் நடந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடை நடந்தது. ஜூலை 28இல் தொடங்கி ஆகஸ்ட் 12இல் முடிந்த அந்த நடையை ஏற்பாடு செய்தவர்களில் இலங்கைத் தேசிய கிறிஸ்தவ மன்றமும் ஒன்று. 1854இல் துரைமாரின் சந்தாவோடு தொடங்கிய உறவு, காணியும் சம்பளமும் கேட்கும் தொழிலாளரோடு சேர்ந்து நடக்கும் இடத்துக்கு வர 169 வருஷம் எடுத்திருக்கிறது. வந்து சேர்ந்ததில் மகிழ்ச்சி.

எங்கள் வியாழக்கிழமை வாசிப்பு 2022இன் மின்வெட்டுக் காலத்தில் திரும்பத் தொடங்கியது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் மின்சாரம் இல்லை. தொலைக்காட்சி இல்லை, தொலைபேசிக்கும் சார்ஜ் இல்லை. யாரோ பழைய புத்தகத்தை எடுத்தார்கள். மெழுகுதிரி விலை ஏறியிருந்ததால் மூன்று வீட்டுக்கு ஒன்று. மின்சாரம் வந்த பிறகும் ஏழெட்டுப் பேர் விடாமல் வருகிறோம். அதில் இருவர் கத்தோலிக்கர். அவர்கள் கையில், கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து மொழிபெயர்த்து 1995இல் வெளிவந்த திருவிவிலியம். எங்கள் கையில் பழைய மொழிபெயர்ப்பு. இளையவர் கையில் திரை. மூன்றிலும் ஓர் அதிகாரத்தை வாசித்து முடிக்க நேரம் பிடிக்கிறது, ஆனால் எதையும் தாண்டிப் போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

புத்தகத்தோடுதான் வரவேண்டும், தொலைபேசி கூடாது என்று தொடக்கத்தில் நான் வாதாடினேன். கட்டுநாயக்கவில் வேலைபார்க்கும் மூன்று பிள்ளைகள் தாங்களும் சேரவேண்டும் என்று கேட்ட பிறகு அந்தப் பேச்சை விட்டேன். போடிங் அறையில் ஒரே தொலைபேசியைச் சுற்றி அவர்கள் மூன்று பேரும் உட்காருகிறார்கள். இங்கே தொலைபேசியை வேதத்தின் பக்கத்தில் சாய்த்து வைக்கிறோம். இரவு வேலை இல்லாத கிழமைகளில் வாசிப்பது அவர்கள் முறை. இப்போது ரூத் புத்தகம் நடக்கிறது. மாமியாரோடு அந்நிய ஊருக்கு வந்து, அறுத்தவர்கள் விட்டுப்போன கதிரைப் பொறுக்கிய பெண்ணின் கதை. இரண்டாம் அதிகாரத்தைப் போன கிழமை கட்டுநாயக்கவிலிருந்து வாசித்தார்கள். வயலில் வேலைக்காரர் அவளைத் தொடக்கூடாது என்று போவாஸ் கட்டளையிடும் இடத்தில் அந்தப் பிள்ளைகள் நிறுத்தி, அதைப் பற்றித் தாங்கள் பேசவேண்டும் என்றார்கள். ஒன்பதரைக்கு முடிய வேண்டிய கூட்டம் பதினொன்றைத் தாண்டியது. மூன்றாம் அதிகாரத்தை இந்த வியாழனும் எடுக்க முடியுமோ தெரியாது. இரண்டாவது இன்னும் முடியவில்லை.